தாய்மொழி என்ற கட்டம்

மதுரை சிம்மக்கல்லில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய ஒன்பது வருடங்களில் ஊர்க்காரர்களுக்காகத் தேடாதது எதுவும் இல்லை. பரீட்சை முடிவு, பாஸ்போர்ட் பாரம், ஜாதகப் பொருத்தம், நடிகையின் படம், இருமலுக்கு மருந்து. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பேன். "உங்க கைராசிண்ணே" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கைராசியை வைத்துக்கொண்டு எனக்கென்று நான் தேடியது ஒரே ஓர் ஆளை. அவர் என் அண்ணன். கடைசியில் அவரைக் கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண்டுபிடித்ததற்குக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். ஒரு மொத்தச் சேலைக் கடைக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. சுங்குடிச் சேலை சாம்பிள்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கேரளாவில் ஊர் ஊராகப் போவார். போனால் பத்து நாளில் திரும்பிவிடுவார். தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம் போனவர் திரும்பவில்லை. போய்ச் சேர்ந்த முதல் ஊரிலிருந்து எங்கள் விளாங்குடி வீட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு போன் வந்தது. "மழையா இருக்கு, குடை வாங்கிக்கிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கடை முதலாளி ஆள் அனுப்பிப் பார்த்தார். நானும் போய் அலைந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் விசாரிப்பது, எந்த ஸ்டேஷனில் கேட்பது என்று புரியாமல் ஒரு வாரம் மழையில் நனைந்துவிட்டு வந்தேன். இங்கே புகார் கொடுக்கப் போனபோது எழுதிக்கொண்டவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அம்புட்டுத் தூரம் மாசாமாசம் போய்ட்டு வாராருல்ல. அங்கிட்டு எதுவும் சகவாசம் இருக்கான்னு விசாரிச்சீங்களா?"

பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கேட்டவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. எங்களுக்கு அது ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் சந்தேகம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கேரளாவில் ஒரு குடும்பம் வைத்திருக்கிறாராம், குழந்தைகூட இருக்கிறதாம் என்று பேசினார்கள். அண்ணி கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்கிருந்த கவலை. தன்னை விட்டுவிட்டுப் போனாரா என்பது அண்ணிக்கிருந்த கவலை. இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத்தை விட்டு வந்தவர்கள், மொழியை மட்டும் விடாமல் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டுக்குள் அது, வாசலைத் தாண்டினால் தமிழ். வெளியே போகும்போது சட்டையை மாட்டிக்கொள்வது மாதிரி தமிழை மாட்டிக்கொண்டு போவோம். அண்ணனுக்கு அந்தச் சட்டை அத்தனை கச்சிதம். "மாப்ள, எம்புட்டு வேணும் சொல்லு, மூட்டையையே தாரேன்" என்று அவர் கடைக்காரர்களிடம் பேசுவதைக் கேட்டால், வீட்டில் அவர் வேறொரு மொழியில் சோறு கேட்பவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். இதில் நான் எழுதுகிற அண்ணியின் பேச்செல்லாம் அவர் சௌராஷ்டிரத்தில் சொன்னதுதான். நான் தமிழில் போட்டிருக்கிறேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் இரண்டு வருடம் கழித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். உலகத்தில் உள்ளதெல்லாம் அதில் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கடை திறந்த அன்று, ஊதுவத்தி அணைவதற்குள், அண்ணன் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். சாமி பெயர். கோயில் நடை திறக்கும் நேரமும் ஒரு கல்யாண மண்டபமும் வந்தன. எழுத்தை மாற்றி அடித்தேன். 'இதைத்தான் தேடுகிறீர்களா?' என்று ஒரு சினிமா நடிகரின் பெயரைக் காட்டியது. ஆமாம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன என் அண்ணன் அங்கே டூயட் பாடிக்கொண்டிருக்கிறார் என்று திரையைப் பார்த்துத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கடைக்கு வருவார். ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

என்ன வார்த்தை போட்டுத் தேடினேன் என்று அர்த்தம். நான் சொல்வேன். பெயர், வயது, மதுரை, சேலை வியாபாரம், காணவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் யோசிப்பார். "சரியான வார்த்தை இன்னும் அகப்படல போல" என்பார். எங்கேயோ ஒரு சொல் இருக்கிறது, அதைப் போட்டால் ஆள் வந்துவிடுவார் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கு எரிச்சலாக வரும். மந்திரமா இது, சொல்லைச் சொன்னால் குதித்து வர? ஆனால் அண்ணி சொன்னது சரி. சொல் இருந்தது, எங்கள் வீட்டிலேயே இருந்தது.

இதற்கிடையில் கேரளாவின் ஆதரவற்றோர் இல்லங்களில் இருப்பவர்கள் விவரம் ஒரு தளத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. போய்ப் பார்த்தால் பட்டியல் இல்லை, ஒரு பாரம் இருந்தது. ஆணா பெண்ணா, தோராய வயது, உயரம், உடல்வாகு, நிறம், தாய்மொழி. எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அழுத்தினால்தான் உள்ளே இருப்பதைக் காட்டும். ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் கோபித்துக்கொள்ளும். அன்று செவ்வாய்க்கிழமை. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். தாய்மொழிக் கட்டத்தைத் திறந்தால் மலையாளம், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, மற்றவை என்று இருந்தது. எங்கள் மொழி இல்லை. எந்தப் பட்டியலில்தான் அது இருந்திருக்கிறது? ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் கேட்கிற இடத்திலெல்லாம் நாங்கள் தமிழ் என்று சொல்லிப் பழகியவர்கள். இல்லையென்றால் அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், அப்புறம் 'அப்ப நீங்க இந்த ஊரு இல்லையா' என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். யோசிக்கவே இல்லை. தமிழ் என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன்.

பொருந்தும் பதிவு எதுவும் இல்லை என்று வந்தது.

வாரா வாரம் அந்தப் பாரத்தை நிரப்பினேன். அண்ணனுக்கு வயது ஏற ஏற வயதை ஏற்றினேன். மாநிறத்தைக் கறுப்பாக்கினேன், சிவப்பாக்கினேன். மெலிந்திருப்பார் என்றும் பார்த்தேன், கூன் விழுந்திருக்கும் என்று உயரத்தைக்கூடக் குறைத்துப் பார்த்தேன். தாய்மொழியை மட்டும் தொடவில்லை. அதில் மாற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அண்ணியும் பின்னால் நின்று பார்ப்பார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை வரியின் நீளம் அவருக்கு மனப்பாடம். திரையில் வந்ததுமே திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார்.

அந்த நாட்களில் பேரையூர்ப் பக்கமிருந்து எம்.சி.ஏ. படிக்கும் ஒரு பெண் பிராஜெக்ட் வேலைக்காகக் கடைக்கு வருவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய் அவளைப் படிக்க வைத்தார்கள். சொல்லின் எழுத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துத் தேட மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது அவளுடைய பிராஜெக்ட். நான் திட்டிக்கொண்டே தேடுவதைப் பார்த்து ஒருநாள் விசாரித்தாள். சொன்னேன்.

"அண்ணே, இந்தத் தேடுற மெஷின் லிங்க்கப் பிடிச்சுத்தான் ஒவ்வொரு பக்கமா போகும். பாரத்த நிரப்பினாத்தான் வர்ற பக்கத்துக்கு லிங்க்கே கெடையாது. அதுக்கா நிரப்பத் தெரியாதுண்ணே. அப்பிடியே திரும்பிப் போயிரும். வெளிய தெரியறத விட உள்ள கெடக்கறதுதான் நெறைய."

"அப்ப என்னதான் செய்யறது?"

"நீங்கதான் நிரப்பிப் பாக்கணும். இல்லாட்டி அது நிரப்பக் கத்துக்கிடுற வரைக்கும் பொறுத்திருக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க சுங்குடின்னு போடுறீங்க. வெளியூர்க்காரனுக்குச் சுங்குடின்னா என்னன்னு தெரியுமா? அவன் புள்ளி போட்ட துணின்னு எழுதி வச்சிருப்பான். ரெண்டும் ஒண்ணுன்னு மெஷினுக்கு நாமதான் சொல்லித் தரணும்."

படிப்பை முடித்துவிட்டு அவள் சென்னைக்குப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. நான் பொறுத்திருந்தேன். பொறுத்திருப்பதில் எங்கள் வீட்டில் அண்ணிக்கு அடுத்தபடி நான்தான்.

கடையில் கூட்டம் குறைய ஆரம்பித்த வருடங்களில் தேடல் மாறத் தொடங்கியது. நான் அடிக்காத சொற்களெல்லாம் பதிலில் வந்து நிற்கும். வைத்தியர் என்று அடித்தால் டாக்டர் வருவார். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டதைக் கொடுக்காமல், நீ கேட்க நினைத்தது இதுதான் என்று அதிகப்பிரசங்கித்தனம் செய்கிற மாதிரி இருந்தது. அத்தோடு பூட்டிக் கிடந்த பாரங்களையும் அது தானே நிரப்பி உள்ளே போகிறது என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்தேன். படித்ததும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அத்தனை வருடத்தில் நம்பிக்கை தேய்ந்துபோயிருந்தது. பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, கடையில் யாரும் இல்லை. கேரளா, காணாமல் போன ஆண், சுங்குடி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நாலாவதாக ஒரு பக்கம் வந்தது. திறந்தேன். பெயர்: தெரியாது. மொழி: இந்தி. அதைப் பார்த்ததும் மூடப் போனேன். யாரோ வடக்கத்தியர், நமக்கென்ன என்று. மூடுவதற்குள் கீழ் வரி கண்ணில் பட்டுவிட்டது. வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் பழைய தழும்பு. உடன் இருந்த பொருள்: சிறு புள்ளிகளாகச் சாயமேற்றிய மஞ்சள் பருத்தித் துணி ஒன்று.

அந்தப் பக்கத்தில் சுங்குடி என்ற சொல்லே இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று மெஷினுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். புருவத் தழும்பு, சின்ன வயதில் நான் மாடிப்படியில் தள்ளிவிட்டதில் வந்தது. போட்டோ கட்டம் காலியாக இருந்தது. கடைசியில், நிலை: இல்லத்தில் உள்ளார். மேலே பார்த்தேன். வருடக்கணக்காக நான் முட்டிக்கொண்டிருந்த அதே தளம். அதே பாரத்தின் மறுபக்கம். பதிவு செய்யப்பட்டது, நான் முதல் தடவை தமிழ் என்று அழுத்தியதற்கும் முன்னால்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை, ஆனால் முகவரி இருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு விளாங்குடிக்கு ஓடினேன். அண்ணி அழவில்லை. பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினார். அண்ணனுடைய வேட்டி இரண்டு, சட்டை இரண்டு எடுத்து வைத்தார். ஒரு சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, மெலிந்திருந்தால் தொளதொளவென்று இருக்குமே என்று கவலைப்பட்டார்.

"தெருவுல யார்கிட்டயும் மூச்சு விடாத. கூட்டிட்டு வர்றப்ப அவங்களே பாத்துக்கிடட்டும்."

பத்து வருடத்தில் அண்ணி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். தேனி தாண்டி மலை ஏறும்போது ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டாம், நீ உட்கார் என்றார். திரும்பும்போது ஜன்னல் பக்கம் அண்ணனுக்கு என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

இல்லத்தில் வயதான ஒரு கன்னியாஸ்திரீ எங்களை உட்கார வைத்தார். தழும்பைச் சொன்னேன், துணியைச் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

மதுரைப் பக்கமா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நம்ப முடியவில்லை அவருக்கு. பஸ் நிலையத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்து கிடந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மூட்டையும் பையும் கூட வரவில்லை, தோளில் கிடந்த அந்தத் துணி மட்டும் வந்திருக்கிறது. பேச்சு போய்விட்டது. சில மாதம் கழித்து இரண்டு மூன்று வார்த்தை திரும்பியிருக்கிறது. தமிழ் திரும்பவில்லை.

"பானி, பானின்னு சொல்லுவாரு" என்று அந்த அம்மா மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "நாக்கு குழறிப் பேசுறதுல முதல்ல எங்களுக்குப் பனின்னு கேட்டது. பனின்னா எங்க பாஷையில காய்ச்சல். நெத்தியத் தொட்டுப் பாத்து மாத்திரை கொடுத்தோம். பாவம், முழுங்கிட்டு மறுபடியும் அதையே சொல்லுவாரு. ஒருநாள் மாத்திரைக்குக் கொண்டுபோன தண்ணிய மட்டும் குடிச்சிட்டுச் சிரிச்சாரு. அப்பத்தான் இந்தின்னு புரிஞ்சது."

எங்கள் மொழியில் பானி என்றால் தண்ணீர். இந்தியிலும் அதேதான்.

"இன்னொண்ணு சொல்லுவாரு. கேர், கேர்னு. வாசலைக் காட்டிச் சொல்லுவாரு. வீடுன்னு தெரிஞ்சது. இங்க வேலைக்கு வந்த ஒரு வடக்கத்தி ஆளக் கூட்டிட்டு வந்து பேச வச்சோம். இது குஜராத் பக்கம் மாதிரி இருக்குன்னு சொன்னான். குஜராத்துக்கு எத்தனை கடிதம் எழுதினோம் தெரியுமா? ஒரு ஊர்லேர்ந்தும் பதில் இல்ல."

கேர் என்றால் எங்களுக்கும் வீடுதான். சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புரிந்துகொண்டு, எங்கள் முன்னோர் பல நூறு வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு பகல் பஸ் பயண தூரத்தில் நான் தமிழ் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மீது எனக்குக் கோபமே வரவில்லை. யார் மீதாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறார் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அதைப் பதிந்து கொடுத்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்களுக்கு மாற்றத் தெரியாது என்றார். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள். எங்களில் எரிப்பதுதான் வழக்கம். அந்தத் துணியை அவர் மேலேயே போர்த்திப் புதைத்ததாகச் சொன்னார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பெட்டியைத் திறந்து வேட்டி சட்டையை அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

திரும்பும்போது ஜன்னல் பக்கம் அண்ணி உட்கார்ந்தார். தேனி வந்ததும் சொன்னார்.

"வேற எவகிட்டயும் போகல. வீடுன்னுதான் கேட்டிருக்காங்க."

அப்போதுதான் அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதார். தெருவில் போய் இதைச் சொல்லலாம்தான். ஆனால் பேசியவர்களில் பாதிப் பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள், மீதிப் பேருக்குத் தாங்கள் பேசியதே மறந்துபோயிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அண்ணி வழக்கம்போலக் கடைக்கு வந்தார். நான் அந்தப் பாரத்தைத்தான் திறந்து வைத்திருந்தேன். தாய்மொழிக் கட்டத்தில் இந்தியைத் தேர்ந்தெடுத்து அழுத்தியிருந்தேன். முதல் வரியிலேயே அண்ணன் இருந்தார். இல்லத்தில் உள்ளார்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

சொன்னேன். முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் என்ன போட்டோம் என்று கேட்டார். தமிழ் என்றேன். அண்ணி நாற்காலியில் உட்காராமல் திரைக்குக் கிட்டே வந்து நின்றார்.

"நான்தான சொன்னேன், தமிழ்னே போடுன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ கேட்ட, நான்தான் சொன்னேன். என் வாயாலேயே அவங்கள வராம பண்ணிட்டேன்."

அண்ணி சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை, அவர் கடைக்கே வரவில்லை. இது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து அதை மட்டும் சொன்னால் போதும்.

"விடுங்க அண்ணி" என்றேன்.